காகிதத்துக்காக வெட்டிய கற்கள்: சியான் நகரின் கல்வெட்டுக் காடு

சியானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் முதலில் ஓடுவது சுடுமண் படைவீரர்களைப் பார்க்கத்தான். (சியான் என்றதும் நடிகர் நினைவுக்கு வந்தால் அது உங்கள் தவறில்லை. நான் சொல்வது சீனத்தின் ஷான்சி மாகாணத் தலைநகரை. பழைய பெயர் சாங்கான்.) அந்த மண் வீரர்களைப் பார்க்க முன்னறிவு எதுவும் வேண்டாம். ஆயிரக்கணக்கில் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் வாய் பிளக்கும். அதே ஊரில், பழைய நகர மதிலின் தெற்கு வாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில், மதிலை ஒட்டியபடி இன்னொரு அருங்காட்சியகம் இருக்கிறது. விவரம் தெரியாமல் அதற்குள் நுழைந்தால் பத்து நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடும். ஒரு கருப்புக் கல், அதில் சீன எழுத்து. பக்கத்தில் இன்னொரு கருப்புக் கல், அதிலும் சீன எழுத்து. கூடம் கூடமாக இதேதான்.

அதன் பெயர் பெய்லின். ‘பெய்’ என்றால் எழுத்து வெட்டி நிறுத்திய கற்பலகை, ‘லின்’ என்றால் காடு. ஹான் அரசமரபின் காலம் (கி.மு. 206 – கி.பி. 220) முதல் சிங் காலம் (1644–1911) வரை, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக் கற்கள் ஒரு பழைய கன்பூசியஸ் கோயில் வளாகத்துக்குள் நெருக்கமாக நிற்கின்றன. சீன மொழி ஓர் எழுத்துகூடத் தெரியாதவர் இங்கே எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். ஒரே ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக அவிழும். இந்தக் கற்களில் பெரும்பாலானவை நின்று படிப்பதற்காக மட்டும் வெட்டப்பட்டவை அல்ல. காகிதத்தில் படியெடுத்துக்கொண்டு போவதற்கும்தான்.

முதலில் கல்லின் உடம்பைப் பார்ப்போம். நல்ல தாங் காலப் (கி.பி. 618–907) பலகை ஒன்றை எடுத்துக்கொண்டால், உச்சியில் பின்னிப் பிணைந்த நாகங்கள் இருக்கும். அவற்றின் நடுவே சின்னக் கட்டத்துக்குள் தலைப்பு. அதைப் பெரும்பாலும் வளைவு நெளிவான பழைய முத்திரை எழுத்தில் வெட்டியிருப்பார்கள். அதற்குக் கீழே உடல் பகுதி. அடியில் ஓர் ஆமை முதுகு கொடுத்துத் தாங்கும். சீனர்கள் அதை ஆமை என்று சொல்வதில்லை. எத்தனை கனத்தையும் சுமக்க ஆசைப்படும் பீசீ என்ற நாக மகன் என்பார்கள். பார்க்க ஆமை மாதிரிதான் இருக்கும்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. மிகப் பழைய காலத்தில் ‘பெய்’ என்ற சொல் எழுத்துக் கல்லைக் குறிக்கவில்லை. முற்றத்தில் நட்டு நிழலை வைத்து நேரம் பார்த்த கல், கோயில் வாசலில் பலி விலங்கைக் கட்டிய கல், சவப்பெட்டியைக் கயிறு கட்டிக் குழிக்குள் இறக்குவதற்காகக் குழியோரம் நட்ட கம்பம், இவையெல்லாம் பெய். கயிறு போக அதில் ஒரு துளை இருக்கும். வேலை முடிந்த பிறகும் கல்லறைக்குப் பக்கத்தில் நின்ற அந்தக் கம்பத்தில், செத்தவர் பேரையும் பெருமையையும் எழுதும் பழக்கம் மெல்ல வந்தது. கம்பத்தின் வேலை போனது, துளை மட்டும் தங்கிவிட்டது. ஹான் காலக் கற்கள் சிலவற்றில் மேல்பகுதியில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கும். எவனோ குறும்புக்காரன் துளைத்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்தத் தலையில் நாகம் வைத்த சீனப் பலகையைப் பார்க்கச் சியான் வரை போகக்கூட வேண்டாம். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது, அதில் தமிழும் இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்த கல் அது. 1409 தேதியிட்டது, 1911இல் இலங்கையின் காலி நகரில் கிடைத்தது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனார் என்ற திருமாலுக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்லும் ஒரே பலகை. அதைப் பார்த்தவர்களுக்கு பெய்லின் கூடங்கள் அந்நியமாகத் தோன்றாது.

மை எப்படிக் காகிதத்துக்குப் போகிறது

பெய்லினில் கற்கள் ஏன் கருப்பாக இருக்கின்றன? அந்தக் கற்களின் இயல்பான நிறம் அவ்வளவு கருப்பு இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் மை ஒற்றி ஒற்றி ஏறிய கருப்பு அது.

தமிழ்நாட்டில் கல்வெட்டுத் துறையில் இருப்பவர்களுக்கு ‘மைப்படி’ என்ற சொல் பழக்கம். சீனத்தில் அது ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலான கைத்தொழில். வேலை இப்படி நடக்கும். கல்லைத் துடைத்துச் சுத்தம் செய்வார்கள். மெல்லிய ஆனால் உறுதியான காகிதத்தை நனைத்துக் கல்மேல் படிய விடுவார்கள். சில சமயம் அந்தத் தண்ணீரில் ஒரு கிழங்கின் பசையைக் கொஞ்சம் கலப்பது உண்டு, காகிதம் நழுவாமல் இருக்க. பிறகு அடர்ந்த தூரிகையால் தட்டித் தட்டி, எழுத்தின் பள்ளங்களுக்குள் காகிதத்தை இறக்குவார்கள். இதற்குப் பொறுமை வேண்டும். ஓங்கித் தட்டினால் காகிதம் கிழியும், மெல்லத் தட்டினால் பள்ளத்தில் இறங்காது. காகிதம் பாதி காய்ந்து வெளுக்கத் தொடங்கியதும், துணிக்குள் பஞ்சு வைத்துக் கட்டிய ஒத்தடப் பொட்டலம் மாதிரி ஒன்றில் மை தொட்டு, மேலே ஒற்றிக்கொண்டே போவார்கள். மேடான இடமெல்லாம் கருப்பாகும், பள்ளத்தில் இறங்கிய எழுத்து வெள்ளையாக நிற்கும். காய்ந்ததும் உரித்தெடுத்தால் கருப்பில் வெள்ளை எழுத்து.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மரக்கட்டையிலோ ரப்பர் முத்திரையிலோ அச்சடிக்க வேண்டுமென்றால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்ட வேண்டும். மைப்படிக்கு அது தேவையில்லை. மை கல்மேல் படுவதில்லை, காகிதத்தின் வெளிப்பக்கத்தில் படுகிறது. அதனால் கல்லில் நேராக இருப்பது காகிதத்திலும் நேராகவே வரும். (அப்படியானால் கல் எப்படிக் கருத்தது? மெல்லிய காகிதம், ஊறிப்போகும் மை, ஆயிரம் தடவை. கொஞ்சம் கொஞ்சமாகக் கசியாமல் இருக்குமா?)

கூடங்களில் நடக்கும்போது எங்கிருந்தாவது டொப் டொப் என்று ஒரே தாளத்தில் தட்டும் ஓசை கேட்டால் அந்தப் பக்கம் போய்விடுங்கள். யாராவது படியெடுத்துக் காட்டிக்கொண்டிருப்பார்கள். எந்த விளக்கப் பலகையும் சொல்லித்தராததை ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

ஆறரை லட்சம் எழுத்து

இனி இந்தக் காடு முளைத்த கதை. கி.பி. 175இல் ஹான் அரசு, கன்பூசிய மரபின் மூலநூல்களுக்குத் திருத்தமான பாடம் வேண்டும் என்று முடிவு செய்தது. கையால் எழுதிப் பரவிய பிரதிகளில் பிழை மலிந்துவிட்டது. தேர்வுக்குப் படிக்கும் ஆட்கள் தங்களுக்கு வசதியான பாடத்தைக் காட்டி வாதாடினார்கள். அதனால் லோயாங் நகரில் 46 கற்களில் நூல்களை வெட்டி நிறுத்தினார்கள். பார்க்கவும் எழுதிக்கொள்ளவும் வந்தவர்களின் வண்டிகள் ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் சேர்ந்து தெருவை அடைத்தன என்கிறது ஹான் வரலாற்று நூல். உலகத்தின் முதல் போக்குவரத்து நெரிசல் செய்திகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். காரணம், பாடநூல்! அந்தக் கற்கள் பின்னால் சிதைந்தன. உடைந்த துண்டு ஒன்று பெய்லினில் இருக்கிறது.

அதையே தாங் அரசும் செய்தது. வேலை முடிந்த ஆண்டு 837. அப்போதைய காய்செங் என்ற ஆட்சிக்காலப் பெயராலேயே அந்தக் கற்களை அழைக்கிறார்கள். 12 நூல்கள், 114 கற்கள், இருபுறமும் எழுத்து. மொத்தம் 6,50,252 எழுத்துகள். பெய்லினின் முதல் கூடத்தில் சுவர்போல வரிசையாக நிற்பது இதுதான். ஓவியம் இல்லை, நாகம் இல்லை, ஆமை இல்லை. பலர் ஒரு படம் எடுத்துவிட்டு நடையைக் கட்டுகிற இடமும் இதுதான். நின்று பாருங்கள். ஒவ்வொரு கல்லின் முகமும் மேலிருந்து கீழாக எட்டுப் பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பட்டைக்குள்ளும் வரிக்குப் பத்து எழுத்து. சாதாரணமாக ஒரு நினைவுக் கல்லில் வரி உச்சியிலிருந்து அடி வரை ஒரே ஓட்டமாக இறங்கும். இங்கே ஏன் இப்படி? படியெடுத்த காகிதத்தைப் பட்டை பட்டையாக வெட்டிப் பக்கவாட்டில் ஒட்டினால் படிக்கத் தோதான சுருள் ஆகிவிடும். கல்லின் வடிவமைப்பே காகிதத்தை மனதில் வைத்து நடந்திருக்கிறது. எனக்கு பெய்லினில் மிகப் பிடித்த விஷயம், இந்த எட்டுப் பட்டைகள்தான்.

சீனம் தெரிந்த நண்பர் கூட வந்தால், ‘மக்கள்’ என்ற பொருள் தரும் எழுத்தைத் தேடிக் காட்டச் சொல்லுங்கள். அதில் ஒரு கோடு குறையும். தாங் பேரரசர் தைசோங்கின் இயற்பெயர் ஷிமின். அதில் வரும் ‘மின்’ இந்த எழுத்து. அரசர் பேரை முழுதாக எழுதுவது மரியாதைக்குறைவு என்பதால் வேண்டுமென்றே ஒரு கோட்டை விட்டுவிட்டார்கள். எந்த எழுத்தில் கோடு குறைகிறது என்று பார்த்து எந்த ஆட்சியில் வெட்டிய கல் என்று கணிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

தாங் ஆட்சி சரிந்த காலத்தில் தலைநகரம் இடிக்கப்பட்டது. மிஞ்சிய நகரைச் சுருக்கி மதில் கட்டினார்கள். கற்கள் மதிலுக்கு வெளியே வயல்வெளியில் கிடந்தன. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியூ சூன் என்ற தளபதியிடம் யின் யூயூ என்ற அறிஞர் போய், இவற்றை உள்ளே கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். அது இப்போது அவசரமில்லை என்றார் தளபதி. நூலைக் காப்பாற்றுங்கள், பண்பாட்டைக் காப்பாற்றுங்கள் என்றெல்லாம் அவரிடம் பேசிப் பயனில்லை என்று அறிஞருக்குப் புரிந்திருக்க வேண்டும். “நாளைக்கு எதிரி முற்றுகையிட்டால் இந்தக் கற்களை உடைத்து நம்மேலேயே எறிவானே” என்ற பொருளில் ஒன்று சொன்னார். கற்கள் உள்ளே வந்துவிட்டன. அரசாங்க வேலை நடக்க எந்த வாதம் வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

ஆனால் வைத்த இடம் பள்ளம், தண்ணீர் தேங்கும். 1087இல் சொங் அரசின் (960–1279) அதிகாரி லூ தாசோங் அவற்றைத் தூக்கி வேறிடத்தில் ஒழுங்காக நிறுத்தினார். பெய்லின் பிறந்த ஆண்டாக அதைத்தான் சொல்கிறார்கள். 1556இல் ஷான்சியைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் 114இல் 40 கற்கள் உடைந்தன. இன்று கற்களின் குறுக்கே நீங்கள் பார்க்கும் விரிசல்களில் பல அந்த இரவின் வேலை.

இதற்கு நடுவில் முக்கியமான இன்னொன்று நடந்தது. 932 முதல் 953 வரை, பல ஆட்சிகள் மாறிய குழப்பத்துக்கிடையே, பெங் தாவ் என்ற அமைச்சரின் முயற்சியில் மூலநூல்கள் முதல்முறையாக அரசுச் செலவில் மரக்கட்டை அச்சில் வந்தன. எந்தப் பாடத்தை வைத்து அச்சடித்தார்கள்? இந்தக் காய்செங் கற்களின் பாடத்தை.

யார் கையெழுத்து?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பார்க்கிறவர் அதில் என்ன எழுதியிருக்கிறது, யார் கொடை கொடுத்தார் என்று கேட்பார். பெய்லினில் ஒரு கல்லின் முன் நிற்கும் சீனர் முதலில் கேட்பது, இது யார் கை? கல்லிலேயே அதற்கு விடை இருக்கும். வாசகத்தை இயற்றியவர் பெயர் தனி, அதைத் தூரிகையால் எழுதியவர் பெயர் தனி. எழுதியவர் சிவப்பு மையில் நேரடியாகக் கல்மேல் எழுதுவார், சிற்பி அதன்மேல் உளி ஓட்டுவார்.

எழுத்துப் பாணிகளை மேலோட்டமாகத் தெரிந்துகொண்டால் போதும். வளைந்து ஒரே தடிமனில் ஓடினால் முத்திரை எழுத்து, மிகப் பழையது. எழுத்து தட்டையாக, கோட்டின் கடைசி மீன்வால்போல விரிந்தால் ஹான் காலக் குமாஸ்தா எழுத்து. கட்டம் கட்டமாக, பாடப்புத்தகத்தில் பார்ப்பதுபோல் இருந்தால் முறை எழுத்து. கோடுகள் ஒன்றோடொன்று சேர ஆரம்பித்தால் ஓட்ட எழுத்து. டாக்டர் சீட்டு மாதிரி இருந்தால் பாய்ச்சல் எழுத்து. அதைச் சீனர்களுக்கே படிக்க வராது, வெட்கப்பட வேண்டாம்.

ஒருவரின் கை எப்படி முதிர்கிறது என்று பார்க்க யான் சென்சிங் நல்ல உதாரணம். 752இல், நாற்பதைத் தாண்டியிருந்த வயதில் அவர் எழுதிய தூபோ பகோடாக் கல் இங்கே இருக்கிறது. கச்சிதமான, தவறே இல்லாத எழுத்து. மூன்று ஆண்டுகளில் ஆன் லூஷான் என்ற தளபதியின் கலகம் வெடித்தது. அதில் அவர் தன் உறவினர்களை இழந்தார், படை திரட்டிப் போராடினார். 779இல் கொள்ளுத்தாத்தாவுக்காகவும், 780இல் குடும்பக் கோயிலுக்காகவும் எழுதிய கற்களும் இதே வளாகத்தில் இருக்கின்றன. ஒரு சுற்றில் மூன்றையும் பாருங்கள். கிடைக்கோடு மெலிந்து செங்குத்துக்கோடு தூண்போலத் தடித்திருக்கும். எழுத்துக்கு எடை கூடியிருக்கும். படிக்கத் தெரியாதவர் கண்ணுக்கும் இது தெரியும். 785இல் கலகக்காரன் ஒருவனுக்குப் பணிய மறுத்ததால் அவர் கொல்லப்பட்டார். அவருடைய எழுத்தைப் பார்த்துப் பழகும் சீனக் குழந்தைகள் அந்தக் கதையையும் சேர்த்தே கேட்கிறார்கள். 779இன் கல் மட்டும் கூர்மை மழுங்காமல் இருக்கும். நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்து 1922இல்தான் வெளியே வந்தது. படியெடுப்பவர்களின் கை அதன்மேல் அதிகம் படவில்லை.

அடுத்த கல் வெட்டி ஒட்டிய வேலை. தைசோங் பேரரசருக்கு நான்காம் நூற்றாண்டு எழுத்துக் கலைஞர் வாங் சீசியின் கையெழுத்தென்றால் உயிர். பேரரசரே சுவான்சாங்கின் (நம் பாடப்புத்தக யுவான் சுவாங்தான், ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்து அதைப் பற்றி எழுதியவர்) மொழிபெயர்ப்புகளுக்கு ஒரு முன்னுரை எழுதித் தந்தார். அதைக் கல்லில் வெட்ட வேண்டும், வாங் சீசியின் கையெழுத்தில் வெட்ட வேண்டும். ஆனால் அவர் செத்து முந்நூறு ஆண்டு ஆகிறது. என்ன செய்வது? ஹுவாய்ரென் என்ற துறவி வாங் சீசியின் பழைய கடிதங்களைத் தேடி, தேவையான எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கிடைக்காத எழுத்தை, வேறு எழுத்துகளின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கினார். இப்படிச் சுமார் 1,900 எழுத்து. கல் நின்ற ஆண்டு 672. ஓர் எழுத்துக்கு ஆயிரம் பொன் கொடுத்து வாங்கினார்கள் என்றொரு கதை உண்டு, கதைதான். வாங் சீசி தன் கைப்பட எழுதிய தாள் ஒன்றுகூட இன்று உறுதியாக மிஞ்சவில்லை. மிஞ்சியிருப்பது படிகளும் இந்த மாதிரிக் கற்களும்தான்.

சிற்பிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. அவர் பெயர் ஆன் மின், சாங்கான்காரர். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொங் அரசவையில் ஒரு கோஷ்டி இன்னொரு கோஷ்டியை வீழ்த்தியது. தோற்றவர்களின் பெயர்ப் பட்டியலைத் துரோகிகள் என்று நாடெங்கும் கல்லில் வெட்ட உத்தரவு வந்தது. பட்டியலில் சீமா குவாங் என்ற பெரியவரின் பெயரும் இருந்தது. “நான் ஒன்றும் தெரியாதவன், ஆனால் நேர்மையானவர் என்று உலகமே சொன்ன மனிதரைத் துரோகி என்று வெட்ட மனசு வரவில்லை” என்றார் ஆன் மின். அதிகாரி கோபப்பட்டார். தண்டனைக்கு அஞ்சி, வேறு வழியில்லாமல் அழுதுகொண்டே ஒப்புக்கொண்ட சிற்பி ஒரே ஒரு வரம் கேட்டார்: வழக்கமாகக் கல்லின் கடைசியில் வெட்டும் என் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். இந்தச் சம்பவத்தைச் சொங் வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது. பெயரை மறைக்கச் சொன்னவரின் பெயர் அதனாலேயே தங்கிவிட்டது.

படியின் படி

சரி, இத்தனை ஆசையாகப் படியெடுத்தால் கல்லின் கதி என்ன? முதல் பேரரசன் சின் ஷி ஹுவாங் கி.மு. 219இல் யி மலைமேல் தன் புகழை வெட்டி ஒரு கல்லை நிறுத்தினான். எழுத்து அமைச்சர் லீ ஸீயுடையது என்பது மரபு. பிற்காலத்தில் அந்தக் கல்லைக் கீழே தள்ளிவிட்டார்கள். தள்ளிய பிறகும் படியெடுக்க ஆட்கள் வருவது நிற்கவில்லை. வருகிறவர்கள் பெரிய மனிதர்கள், அதிகாரிகள். அவர்களுக்கு ஆள் அனுப்பிச் சோறு போட்டுத் தங்க வைத்து ஊர்க்காரர்கள் ஓய்ந்துபோனார்கள். ஒருநாள் கல்லின் கீழே விறகை அடுக்கித் தீ வைத்துவிட்டார்கள். கல் வெடித்துப் பாழானது. அப்படியும் கேட்டு வருவது நிற்காததால், அந்த ஊர் அதிகாரி பழைய படி ஒன்றைப் பார்த்து வேறு கல்லில் வெட்டி வைத்தாராம். தாங் காலக் குறிப்பு இது. எனக்கு அந்த ஊர்க்காரர்கள்மேல் கோபம் வரவில்லை.

பெய்லினில் இருக்கும் ‘யி மலைக் கல்’ 993இல் ஒரு படியைப் பார்த்து மீண்டும் வெட்டியது. கல்லிலிருந்து காகிதம், காகிதத்திலிருந்து திரும்பக் கல், அதிலிருந்து மறுபடி காகிதம். “அப்படியானால் இது அசல் இல்லையா?” என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. அசல் இல்லைதான். ஆனால் மூலக் கல் இல்லாத நிலையில் அந்த எழுத்து எப்படி இருந்தது என்று காட்ட இதுதான் இருக்கிறது.

கல் தேய்வதால் இன்னொரு கணக்கும் பிறந்தது. ஒரே கல்லிலிருந்து 1400இல் எடுத்த படியும் 1800இல் எடுத்த படியும் ஒன்றாக இருக்காது. எந்த எழுத்து எப்போது சிதைந்தது என்று பட்டியல் போட்டு, கையில் உள்ள படி எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவார்கள். கி.பி. 185இன் சாவ் சுவான் கல் இதற்குப் பேர்போனது. ஒரு குறிப்பிட்ட எழுத்து சிதையாமல் இருக்கும் படிதான் மிகப் பழையது, அதற்குத்தான் மதிப்பு. சாவ் சுவான் ஒரு வட்டார அதிகாரி. கலகத்துக்குப் பிறகு ஊரைச் சீர்படுத்தியதற்காக அவரைப் புகழ்ந்து கீழ் அதிகாரிகள் நிறுத்திய கல் இது. முன்பக்கம் அழகான எழுத்துக்குப் புகழ்பெற்றது. நீங்கள் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். யார் யார் எவ்வளவு காசு கொடுத்தார்கள் என்று பட்டியல் இருக்கும். கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதும் ஊரிலிருந்து போகிற நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சிலுவை வைத்த கல்

சீன எழுத்துத் தெரியாமலே தேதி கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். வரிகள் மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாகப் போகும். தேதி பெரும்பாலும் கடைசியில், அதாவது இடது ஓரத்தில் இருக்கும். ஒரு கிடைக்கோடு ஒன்று, இரண்டு கோடு இரண்டு, மூன்று கோடு மூன்று, கூட்டல் குறி பத்து. இந்த நான்கை வைத்துக்கொண்டு இரண்டாம் கூடத்தில் நிற்கும் கிறித்தவக் கல்லுக்குப் போங்கள். தலைப்புக்கு மேலே உற்றுப் பார்த்தால் தாமரைமேல் ஒரு சின்னச் சிலுவை தெரியும். ஏறத்தாழ 2.8 மீட்டர் உயரம். இடது ஓர வரியில் இரண்டு கிடைக்கோடுகளைத் தேடுங்கள். சியென்சோங் ஆட்சியின் ‘இரண்டாம்’ ஆண்டு. அதாவது 781.

அடியிலும் பக்கங்களிலும் வேறொரு எழுத்து ஓடும். அது சிரியாக், கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களின் பழைய வழிபாட்டு மொழி. அதிலும் ஆண்டு இருக்கிறது: கிரேக்கர்களின் ஆண்டுக்கணக்கில் 1092. அந்தக் கணக்கில் 311ஐக் கழித்தால் அதே 781. ஒரே கல்லில் இரண்டு நாட்காட்டி. அலோபென் என்ற பாதிரியார் 635இல் சாங்கானுக்கு வந்ததையும், பேரரசர் அனுமதி கொடுத்ததையும் கல் சொல்கிறது. வாசகத்தை எழுதிய சிங்சிங் என்ற துறவிக்கு ஆதாம் என்று இன்னொரு பெயர். 845இல் பௌத்தத்தையும் பிற அயல் மதங்களையும் அரசு ஒடுக்கியபோது இதைப் புதைத்திருக்கலாம் என்பது பலரின் கருத்து. 1620களில் மண்ணிலிருந்து எடுத்தபோது ஐரோப்பாவில் பலர் நம்பவில்லை. ஏசு சபையினர் ஜோடித்த போலி என்றே சொன்னார்கள். 1907இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹோல்ம் என்பவர் கல்லை வாங்கிப் போக முயன்றார். நடக்கவில்லை. அச்சு அசலாக ஒரு நகல் வெட்டிக் கொண்டுபோனார். விழித்துக்கொண்ட அதிகாரிகள் அசலைப் பெய்லினுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

அந்தக் கவனம் எல்லாவற்றுக்கும் கிடைக்கவில்லை. தைசோங்கின் ஆறு போர்க்குதிரைகளின் புடைப்புச் சிற்பங்களில் நான்குதான் இங்கே. மற்ற இரண்டும் அமெரிக்காவில், பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. மார்பில் பாய்ந்த அம்பைத் தளபதி பிடுங்க, அசையாமல் நிற்கும் குதிரை அந்த இரண்டில் ஒன்று.

நேரம் மிச்சமிருந்தால் 1136இல் வெட்டிய நிலப்படத்தைத் தேடுங்கள். கல் முழுக்கச் சதுரக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு நூறு லீ (சீனத் தொலைவு அளவு) என்று அளவும் எழுதியிருப்பார்கள். கடற்கரையும் மஞ்சள் ஆறும் இன்றைய வரைபடத்தோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்தால் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். இலைகளையே எழுத்தாக அமைத்துக் கவிதை எழுதிய மூங்கில் படமும், போதிதர்மர் படங்களும் அங்கேதான். இவை கூட்டம் கூடும் இடங்கள், எனக்கு அவ்வளவாக ஈர்ப்பில்லை.

நுழையும்போது தவறவிட்டிருந்தால் திரும்பும்போது முன்மண்டபத்தை அண்ணாந்து பாருங்கள். 745இல் பேரரசர் சுவான்சோங் தன் கையால் எழுதிய ‘பெற்றோர் பேணல்’ நூலின் கல் அதற்குள் நிற்கிறது. மேலே ‘பெய்லின்’ என்ற பலகை. எழுதியவர் லின் சேசூ, 1839இல் ஆங்கிலேயர்களின் அபினியை அழித்தாரே, அவர்தான் என்பது மரபு. ‘பெய்’ என்ற எழுத்தின் தலையில் இருக்க வேண்டிய சின்னக் கோடு அதில் இல்லை. பதவி பறிபோய் நாடுகடத்தப்பட்டுப் போகிற வழியில் எழுதியதால், இழந்த தொப்பியைக் குறிக்க அந்தக் கோட்டை விட்டார் என்று வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வார்கள். அந்தக் கோடு இல்லாமல் எழுதும் பழக்கம் பழைய கற்களிலேயே உண்டு. இதை அவர்களிடம் சொல்ல வேண்டாம்.

சில நடைமுறைக் குறிப்புகள். முக்கியமான கற்களுக்குமேல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், நேராக நின்று படமெடுத்தால் உங்கள் முகம்தான் விழும். பக்கவாட்டில் நின்றால் வெளிச்சம் சாய்வாகப் பட்டு எழுத்து எழுந்து நிற்கும். எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். முதல் கூடத்தின் எட்டுப் பட்டைகள், யான் சென்சிங்கின் மூன்று கற்கள், சிலுவைக் கல், சாவ் சுவானின் பின்பக்கம், இவ்வளவுக்கே இரண்டு மணி நேரம் ஓடிவிடும்.

வெளியே வந்தால் ஷூயுவான்மென் என்ற தெரு. தூரிகை, மை, காகிதம், மைப்படி எல்லாம் விற்கும் கடைகள். அங்கே கிடைப்பவை பெரும்பாலும் புதிதாக வெட்டிய நகல் கற்களிலிருந்து எடுத்தவை. கடைக்காரர் அசல் என்றால் சிரித்துவிட்டுப் பாதி விலை கேளுங்கள். வாங்குவதற்கு முன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கையால் தட்டி எடுத்த படியில் எழுத்துகள் லேசாகப் புடைத்து விரலில் தட்டும். அச்சடித்ததில் வழவழவென்று இருக்கும். வாங்கியதை மடிக்க விடாதீர்கள், சுருட்டித்தரச் சொல்லுங்கள்.